வாய்பாடு ஆங்கிலம் அன்று!

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படிப்பதால் பயனில்லை என்று வாதிடுவோர் கடைசியாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை கூறி முடித்த பிறகு இந்த ஒரு கேள்வியை வெற்றிச் சிரிப்போடு எடுத்து வைப்பார்கள்.

"எல்லாம் சரிங்க ஐயா! படிவம் நான்கிற்குப் போனால் வேதியியலில் எச்₂ஓ, சிஓ₂ என்றுதானே எழுதப் போகிறார்கள்? அது ஆங்கிலம்தானே? பிறகு ஆறு ஆண்டு தமிழில் படித்து என்ன பயன்?"

பிரிக்பீல்ட்சு முதல் கிள்ளான் வரையில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் கோவில் மண்டபங்களிலும் டியூசன் நிலைய வாசல்களிலும் இக்கேள்வி கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் தமிழ்ப் பகைவர்கள் அல்லர்; பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுபவர்கள். ஆகவே சினம் கொள்ளாமல் விடையிறுப்பது நம் கடமை. ஆனால், விடையை மென்று விழுங்காமல் சொல்லவேண்டும் என்பதும் கடமையே.

என் விடை இதுதான்: வேதியியல் வாய்பாடு ஆங்கிலம் அன்று. அது எந்த மொழிக்கும் உரியதன்று. ஆகையால் எல்லா மொழிக்கும் உரியது. தமிழில் அறிவியல் வேண்டாம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது அறியாமை. உண்மையில் அது நம் பக்கத்துச் சான்று.

(ஒரு குறிப்பு: இப்பக்கம் முழுமையும் தமிழ் எழுத்தில் அமைவதால் குறியீடுகளை அவற்றின் ஒலிப்பின்படி எழுதுகிறேன். கரும்பலகையிலும் பிள்ளைகளின் ஏட்டிலும் அவை உரோமன் எழுத்திலேயே இருக்கவேண்டும். காரணத்தைக் கீழே கூறுவேன்.)

1. அந்தக் குறியீடுகள் யாருடையவை?

1808-இல் சான் டால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் தனிமங்களை வட்டங்களாக வரைந்து காட்டினார். புள்ளியிட்ட வட்டம் ஒன்று, கோடிட்ட வட்டம் ஒன்று என ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒரு வடிவம். நீரில் ஓர் ஐதரசனும் ஓர் ஆக்சிசனும் மட்டுமே உள்ளன என்றுதான் அவர் கருதினார். இன்று எந்தப் படிவம் நான்கு மாணவரும் அதைத் திருத்திவிடுவார்!

இப்போது நாம் எழுதும் எழுத்துக் குறியீட்டு முறையை 1813, 1814-ஆம் ஆண்டுகளில் வகுத்தவர் பெர்சீலியசு. அவர் சுவீடன் நாட்டவர். அவர் தேர்ந்த பெயர்கள் இலத்தீன் பெயர்கள். ஆங்கிலத்திற்கு இதில் தனியுரிமை எங்கே வந்தது?

ஐயம் இருப்பவர்கள் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பின் வாய்பாடு என்ஏசிஎல். ஆங்கிலத்தில் அது சோடியம் குளோரைடு. சோடியம் என்ற சொல்லில் 'என்ஏ' எங்கே இருக்கிறது? இல்லை. அது நாட்ரியம் என்ற இலத்தீன் பெயரின் சுருக்கம். இரும்புக்கு எஃப்இ, செம்புக்கு சியூ, வெள்ளிக்கு ஏஜி, தங்கத்திற்கு ஏயூ, பாதரசத்திற்கு எச்ஜி, பொட்டாசியத்திற்கு கே என்று இப்படிப் பதினொரு தனிமங்களின் குறியீடுகள் ஆங்கிலப் பெயரோடு ஒட்டுவதில்லை. இலண்டனில் பிறந்த பிள்ளையும் இவற்றை நம் பிள்ளையைப் போலவே புதிதாகத்தான் கற்கிறது.

2016-இல் 113-ஆம் தனிமத்திற்கு நிகோனியம் என்று பெயர் சூட்டினார்கள். அதைக் கண்டறிந்தவர்கள் சப்பானியர்கள். நிகோன் என்பது அவர்கள் தங்கள் நாட்டைத் தங்கள் மொழியில் அழைக்கும் பெயர். வேதியியலைச் சப்பானிய மொழியில் படித்து வளர்ந்த ஒரு நாடு, தனிம அட்டவணையிலேயே தன் பெயரைப் பொறித்துவிட்டது. தாய்மொழியில் படித்ததால் அவர்களுக்கு வாய்பாடு எழுத வராமற் போயிற்றா?

2. நம் நாட்டுப் பாடநூலைத் திறந்து பாருங்கள்

தொலைவில் உள்ள சப்பானை விடுவோம். நம் தேசிய இடைநிலைப்பள்ளிகளின் மலாய் வேதியியல் பாடநூலைத் திறந்து பாருங்கள். படிவம் நான்கின் மூன்றாம் இயலில்தான் மோல், வாய்பாடு, சமன்பாடு ஆகியவை முறையாக வருகின்றன. அங்கே சோடியம் இல்லை, நாட்ரியம் இருக்கிறது. பொட்டாசியம் இல்லை, காலியம் இருக்கிறது. இரும்பு பெரம், செம்பு குப்ரம், காரீயம் பிளம்பம், வெள்ளீயம் சுடானம். மலாய் அறிஞர்கள் குறியீட்டை நேராகக் காட்டும் பெயர்களைத் தேர்ந்து தம் மொழிக்குள் கொண்டுவந்தார்கள். 'நாட்ரியம் குளோரிடா' என்று படிக்கும் மாணவருக்கு 'என்ஏ' தானாக விளங்கும்.

சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் கிள்ளானிலேயே இருக்கின்றன. அங்கே வேதியியல் சீனமொழியில் நடக்கிறது. கரியமிலவாயுவுக்கு அவர்கள் வழங்கும் பெயரின் பொருள், 'இரண்டு ஆக்சிசன் சேர்ந்த கரி' என்பதாகும். பெயரைச் சொன்னாலே வாய்பாடு கண்முன் வந்து நிற்கிறது. எழுதும்போது அவர்களும் சிஓ₂ என்றே எழுதுகிறார்கள்.

மலாய்க்காரர் தம் மொழியில் விளக்கிப் பொதுக் குறியீட்டில் எழுதுகிறார். சீனரும் அப்படியே. தமிழர் மட்டும், "குறியீடு ஆங்கிலம், ஆகவே பாடமும் ஆங்கிலத்திற்குப் போகட்டும்" என்கிறோம். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோதும் இதே பேச்சு. 2009 சூலையில் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது மீண்டும் இதே பேச்சு. ஒன்றை எண்ணிப் பாருங்கள்: இருமொழித் திட்டம் இல்லாத இடைநிலை வகுப்பிற்குச் செல்லும் பிள்ளை வேதியியலை மலாயில்தான் படிக்கப் போகிறது. அந்தப் பிள்ளைக்காக ஆறு ஆண்டு ஆங்கிலத்தில் அறிவியல் படிப்பிப்பது எதற்கான ஆயத்தம்?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடவேளையில் நன்றாகக் கற்பியுங்கள். அதற்கு அறிவியலைப் பலியிட வேண்டியதில்லை.

3. தமிழ் எண்ணிக்கையைச் சொல்லித் தருகிறது

'டைஆக்சைடு' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? 'டை' என்பது கிரேக்கம்; இரண்டைக் குறிக்கும். யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும்.

'ஈராக்சைடு' என்று சொல்லுங்கள். ஓராண்டு, ஈராண்டு, மூவேந்தர், நாற்காலி என்று படித்த தமிழ்ப்பிள்ளைக்கு அதற்கு விளக்கம் வேண்டுமா? கார்பன் ஓராக்சைடு என்றால் ஓர் ஆக்சிசன்: சிஓ. கார்பன் ஈராக்சைடு என்றால் இரண்டு: சிஓ₂. கந்தக மூவாக்சைடு என்றால் மூன்று: எசுஓ₃. கார்பன் நாற்குளோரைடு என்றால் நான்கு குளோரின்: சிசிஎல்₄. உயிரெழுத்தின் முன் 'ஒரு' என்பது 'ஓர்' ஆகும் என்று நாம் இலக்கண வேளையில் கற்பிக்கிறோமே, அந்த அறிவு வேதியியலுக்கும் திறவுகோல்!

இன்னொரு சொல்: இணைதிறன். ஓர் அணு எத்தனை பிணைப்புகளை ஏற்படுத்தும் என்பதைக் குறிப்பது. ஆங்கிலத்தில் 'வேலன்சி'. எந்தச் சொல் பிள்ளையோடு பேசுகிறது? தனிமம், சேர்மம், மூலக்கூறு ஆகிய சொற்களும் அப்படியே. தனித்திருப்பது தனிமம்; சேர்ந்திருப்பது சேர்மம். வரையறையைச் சொல்லே தாங்கி நிற்கிறது.

4. நம்மவரிடமும் குறை உண்டு

எதிர்த்தரப்பை மட்டும் குறைகூறி நிறுத்தினால் இக்கட்டுரை நேர்மையாகாது. தமிழ்ப்பற்றாளர்களாகிய நம்மிடம் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, பெயரோடு நின்றுவிடுவது. உயிர்வளி, கரிவளி என்பன நல்ல சொற்கள். தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஏற்றவை. ஆனால், 'கரிவளி' என்ற பெயரில் ஆக்சிசனும் இருப்பது தெரியாது. அது எத்தனை என்பதும் தெரியாது. குளிர்பானத்தில் நுரைப்பது சிஓ₂. மூடிய இடத்தில் இயங்கும் ஊர்தியின் புகையிலிருந்து பரவி உயிரைக் குடிப்பது சிஓ. இரண்டிலும் கரி உண்டு, இரண்டும் வளி. வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிசன் அணு. அந்த வேறுபாட்டைக் காட்டாத பெயரோடு பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புவது முறையா? ஆண்டு 5, 6-இல் 'கரிவளி, அதாவது கார்பன் ஈராக்சைடு' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழக்கவேண்டும்.

இரண்டாவது, குறியீடுகளையும் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்னும் ஆர்வம். வேண்டாம்! இலங்கையில் உயர்தரம் வரையில் வேதியியலைத் தமிழில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படிக்கலாம். அவர்கள் ஒட்சிசன் என்பார்கள். இவர்கள் ஆக்சிசன் என்பார்கள். அவர்கள் சூத்திரம் என்பார்கள். இவர்கள் வாய்பாடு என்பார்கள். சொற்கள் வேறாயினும் எழுதும் குறியீடு ஒன்றே. ஆய்வகக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே குறியீடுதான். உலகம் முழுவதும் பொதுவாக உள்ள ஒன்றை நாம் மட்டும் மாற்றினால் நம் பிள்ளைதான் தனிமைப்படும்.

இந்தப் பாதை நமக்குப் புதிதும் அன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. 1916-இல் இராசாசி சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைய முன்னின்றார்; பின்னாளில் 'திண்ணை இரசாயனம்' என்று வேதியியலைத் திண்ணைப் பேச்சாகவே எழுதினார். நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு நம் பின்னால் இருக்கிறது. தொடக்கப்பள்ளி அறிவியலுக்கே தமிழ் போதாது என்பவர் அந்த உழைப்பை அறியாதவர்.

5. மனப்பாடம் என்னும் நோய்

'வாய்பாடு' என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது பெருக்கல் வாய்பாடுதான். ஈரிரண்டு நான்கு என்று ஒப்பிப்பதைப் போல வேதியியல் வாய்பாடுகளையும் ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐம்பது வாய்பாடுகளைத் தாளில் அடித்துத் தந்து, "நாளைக்குள் மனனம் செய்" என்னும் டியூசன் நிலையங்களும் உண்டு. எந்த மொழியில் செய்தாலும் அது கல்வியாகாது.

வாய்பாட்டை நூற்பாவோடு ஒப்பிடலாம். சில எழுத்துகளில் நிறைந்த பொருள். ஓர் எழுத்தும் வீணில்லை. ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறும். நூற்பாவுக்கு உரை வேண்டும். அந்த உரையைப் பிள்ளைக்கு நன்கு விளங்கும் மொழியில் சொல்வதே ஆசிரியர் பணி. உரை இதோ:

(அ) குறியீட்டின் முதல் எழுத்து பெரியது. இரண்டாம் எழுத்து இருந்தால் அது சிறியது. சி, ஓ இரண்டையும் பெரியதாக எழுதினால் கார்பன் ஓராக்சைடு என்னும் நச்சு வளி. ஓ-வைச் சிறியதாக எழுதினால் கோபால்ட்டு என்னும் உலோகம். "கையெழுத்துதானே" என்று விட்டுவிடக் கூடாது.

(ஆ) உலோகமும் அலோகமும் சேர்ந்தால் உலோகத்தை முதலில் எழுதுக. உப்பில் என்ஏ முதலில், சிஎல் பின்னால்.

(இ) இணைதிறனைக் குறுக்கே மாற்றி எழுதுக. அலுமினியத்திற்கு 3, ஆக்சிசனுக்கு 2. அலுமினியத்தின் 3 ஆக்சிசனின் காலடிக்கும், ஆக்சிசனின் 2 அலுமினியத்தின் காலடிக்கும் போகும்: ஏஎல்₂ஓ₃. சரிபார்ப்போம்: இரண்டு அலுமினியத்திற்கு 2 × 3 = 6; மூன்று ஆக்சிசனுக்கு 3 × 2 = 6. கணக்கு நேராயிற்று.

(ஈ) உலோகச் சேர்மத்தில் இவ்வாறு கிடைக்கும் எண்களைச் சுருக்க முடிந்தால் சுருக்குக. கால்சியம் 2, ஆக்சிசன் 2 என்றால் சிஏ₂ஓ₂ என்று எழுதாமல் சிஏஓ என்று எழுதுக. ஆனால், தனி மூலக்கூறாக இருப்பவற்றில் இவ்விதியைப் புகுத்தலாகாது. எச்₂ஓ₂ என்பதை எச்ஓ என்று சுருக்கினால் அந்த மூலக்கூறே இல்லாமற் போய்விடும்.

(உ) கூட்டமாக இயங்கும் அணுக்களுக்கு அடைப்புக்குறி இடுக. நீற்றிய சுண்ணாம்பு சிஏ(ஓஎச்)₂. அடைப்பை விட்டுவிட்டால் 2 என்பது ஐதரசனுக்கு மட்டும் போய்ச்சேரும். ஓர் ஆக்சிசன் காணாமற் போகும்.

(ஊ) சமன்பாட்டைச் சரிசெய்யும்போது காலடி எண்ணைத் தொடாதே. முன்னெண்ணை மட்டும் மாற்று. 2எச்₂ஓ என்றால் இரண்டு நீர் மூலக்கூறுகள். எச்₂ஓ₂ என்றால் அது நீரே அன்று. புண் கழுவவும் சாயம் வெளுக்கவும் பயன்படும் ஐதரசன் பெராக்சைடு. குடிக்கத் தகாதது!

விதிகள் ஆறு. முக்கியமான சில தனிமங்களின் இணைதிறனும் ஓஎச், சிஓ₃ போன்ற சில கூட்டங்களும் தெரிந்தால் போதும். அந்த ஐம்பதில் பெரும்பாலானவற்றைப் பிள்ளை தானே ஆக்கிவிடும். இவற்றுள் எந்த விதியைத் தமிழில் விளக்க முடியவில்லை? சொல்லுங்கள், கேட்கிறேன்.

6. பாடம் நம் வீதியிலேயே இருக்கிறது

பிரிக்பீல்ட்சு, செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற இடம். செங்கல்லுக்குச் சிவப்பைத் தருவது இரும்பின் ஓர் ஆக்சைடு: எஃப்இ₂ஓ₃. இரும்புத் துருவும் நீர் சேர்ந்த அதே இனம்தான்.

கோலாலம்பூர், 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்டச் சென்றவர்களால் தோன்றிய ஊர். அந்தக் கனிமம் வெள்ளீய ஈராக்சைடு: எசுஎன்ஓ₂. தமிழில் வெள்ளீயம், காரீயம் என்று நிறத்தால் பிரித்தோம். மலாய்க்காரரும் 'தீமா பூத்தே', 'தீமா ஈத்தாம்' என்று நிறத்தால்தான் பிரித்தார்கள். வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம். இரு மொழிகளின் உலகியல் அறிவும் ஒத்துப்போகும் இடம் இது.

பத்துமலை முழுவதும் சுண்ணாம்புக்கல்: சிஏசிஓ₃. அதைச் சூளையில் சுட்டால் கார்பன் ஈராக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு சிஏஓ மிஞ்சும். அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பு சிஏ(ஓஎச்)₂ ஆகும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பது அதுதான். சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் ஈராக்சைடை ஏற்று மீண்டும் சிஏசிஓ₃ ஆகிக் கெட்டிப்படும். மலையிலிருந்து வெற்றிலைக்கும், சுவர் வழியாக மீண்டும் கல்லுக்கும் செல்லும் இந்தச் சுற்றை நம் முன்னோர் 'சுட்டது', 'நீற்றியது' என்ற இரு சொற்களில் அடக்கியிருந்தார்கள்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளின் தொழிலிலும் வேதியியல் இருந்தது. பால் உறையாமல் காக்க அம்மோனியா, என்எச்₃. உறைய வைக்க பார்மிக் அமிலம், எச்சிஓஓஎச். பள்ளிக்கூடமே காணாத பலருக்கு, எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவுக்கு வாய்பாடு என்னும் எழுத்தைத் தருவதுதான் பேரப்பிள்ளையின் பள்ளி செய்யவேண்டிய வேலை. "உன் மொழி இதற்கு உதவாது" என்று அந்தப் பேரனிடம் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

7. செய்ய வேண்டியவை

ஆசிரியர்களுக்கு: வகுப்பறைச் சுவரில் மூன்று நிரல் கொண்ட ஓர் அட்டவணை தொங்கட்டும். முதல் நிரலில் வழக்குப் பெயர், இரண்டாவதில் ஆக்கப் பெயர், மூன்றாவதில் வாய்பாடு. 'ஆப்பசோடா – சோடியம் ஐதரசன் கார்பனேட்டு – என்ஏஎச்சிஓ₃' என்பது போல. ஆண்டு 6 முடிக்குமுன் இருபது பொருள்களைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு பழகிவிட்டால், இடைநிலைப்பள்ளியில் வாய்பாடு அந்நியமாகத் தோன்றாது. தொடக்கநிலைத் தேர்வுக்கு இது வேண்டியதில்லை. ஆகவே மதிப்பெண் அச்சமின்றி விளையாட்டாகவே செய்யலாம்.

நான்காவது நிரல் ஒன்றும் சேர்த்து மலாய்ப் பெயரை எழுதுங்கள். நாட்ரியம், காலியம், பெரம் ஆகியவற்றை முன்பே அறிந்து செல்லும் பிள்ளை படிவம் நான்கில் திகைத்து நிற்காது. தமிழ்ப்பற்றுக்கு இதனால் இழுக்கில்லை.

பெற்றோர்களுக்கு: பிள்ளை எந்த மொழியில் வாய்பாட்டை ஒப்பிக்கிறது என்று பார்க்காதீர்கள். "இந்த இரண்டு ஏன் இங்கே வந்தது?" என்று கேளுங்கள். காரணம் சொல்லும் பிள்ளை எந்த மொழிக்கு மாறினாலும் பிழைத்துக்கொள்ளும். காரணம் தெரியாமல் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளை, சற்றே மாற்றிக் கேட்டால் தடுமாறி நிற்கும்.

தமிழில் அறிவியல் படிக்கும் உரிமையைப் போராடித்தான் மீட்டோம். 'எச்₂ஓ ஆங்கிலம்' என்னும் ஒரு தவறான எண்ணத்திற்கு அஞ்சி அதை நாமே கைவிடலாமா? சிந்திப்பீர்!

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதலாம். காரணத்தோடு எழுதுங்கள், காரணத்தோடு மறுமொழி தருகிறேன்.